தாடி வைத்த கங்கை: ரோம் நவோனா சதுக்கத்து நீரூற்றைப் பார்ப்பது எப்படி

ரோமுக்குப் போய்வந்த நம் ஆட்களிடம் நவோனா சதுக்கத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ஆமா, நடுவுல ஒரு பெரிய தூண், சுத்தி தண்ணி, படம் எடுத்தோம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் முதல் பயணமும் அப்படித்தான் போயிற்று. எங்களைக் கூட்டிப்போன சுற்றுலா ஏஜென்சி, பேர் வேண்டாம், அந்த இடத்துக்கு ஒதுக்கியது 20 நிமிடம், அதில் பாதி கழிவறை தேடியே போய்விட்டது, மீதிப் பாதியில் ஒரு செல்ஃபி, அப்புறம் பஸ். கோலாலம்பூர் திரும்பி படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அந்தத் தூணைச் சுற்றி இருக்கும் நான்கு சிலைகளும் நான்கு ஆறுகள், அதில் ஒன்று கங்கை என்று தெரிந்தது. தலையில் அடித்துக்கொண்டேன்.

அடுத்த தடவை யாருடைய கொடியின் பின்னாலும் போகவில்லை. அம்மா, செந்தூல் பெரியம்மா, நான், மூன்றே பேர். பெரியம்மா தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அதனால் எதைக் காட்டினாலும் "ஏன்?" என்று கேட்காமல் விடமாட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்காகப் படித்ததும் அங்கே நின்று கற்றுக்கொண்டதும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்தாலும் போதும்: இந்த நீரூற்றுக்கு முன்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஒரே இடத்தில் நின்று பார்த்தால் கால்வாசிதான் பார்த்ததாகக் கணக்கு. கோயில் பிரகாரம் சுற்றுவது போலச் சுற்றித்தான் வரவேண்டும், நிதானமாக, இரண்டு சுற்றாவது.

டிக்கெட் போடுவதற்கு முன் ஊரிலேயே ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் டிராவர்ஸ் சாலையும் துன் சம்பந்தன் சாலையும் சந்திக்கும் இடத்தில் யானைகள் நிற்கும் வண்ண நீரூற்று இருக்கிறதே, அதற்காக யாராவது நின்றிருக்கிறோமா? பூமாலை வாங்கப் போகும்போது காருக்குள்ளிருந்து பார்ப்பதோடு சரி. ஒருநாள் வாழையிலைச் சாப்பாடு முடிந்த கையோடு அங்கே போய் நின்று, இதை வைத்தவர் யார், எந்தக் காலம், யாருக்குக் காட்டுவதற்காக, ஏன் யானை, என்று உங்களையே கேளுங்கள். 2010 அக்டோபர் 27-ல் அன்றைய பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து அந்த வட்டாரத்தை லிட்டில் இந்தியாவாகத் திறந்துவைத்தார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் வந்து நின்றால் ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் "ஓ, இது இந்தியர் பகுதி" என்று அவனுக்குப் புரியவேண்டும், யானை அதற்குத்தான் நிற்கிறது. நவோனா நீரூற்றை வடிவமைத்த பெர்னினி என்ற சிற்பி ரோமில் செய்திருப்பதும் இதே வேலைதான். ஆப்பிரிக்கா என்றால் ஒரு சிங்கம், ஒரு பேரீச்சை மரம். அடையாளத்துக்கு ஒரு மிருகம் போதும் என்ற யோசனை 350 வருடத்துக்கு முன்பும் ஒன்றுதான் போலிருக்கிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கலக்கும் சேற்று முகத்துவாரத்தில் பிறந்த ஊர் நம்முடையது, பேரே அதுதான். அந்த இரண்டு ஆற்றையும் ஆள் உருவமாகச் செதுக்க வேண்டும் என்றால் எப்படிச் செய்வீர்கள்? மஸ்ஜித் ஜாமேக் எல்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே ஐந்து நிமிடம் யோசித்துவிட்டு ரோமுக்குப் போனால் பெர்னினியின் தலைவலி என்னவென்று புரியும்.

சரி, ரோமுக்கு வருவோம். நம் கடிகாரம் அவர்களைவிடக் கோடையில் 6 மணி நேரமும் குளிர்காலத்தில் 7 மணி நேரமும் முந்தி ஓடுகிறது. போன முதல் இரண்டு மூன்று நாள் விடியற்காலை 4 மணிக்கே கண் திறந்துகொள்ளும், நம் உடம்புக்கு அது காலை 10 மணி. எல்லோரும் இதை நினைத்து அலுத்துக்கொள்கிறார்கள், நான் இதை ஒரு வரம் என்பேன். புரண்டு படுக்காமல் முகம் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். நாங்கள் போனபோது மணி ஆறுகூட ஆகவில்லை, சதுக்கத்தில் துப்புரவு வண்டி ஒன்று, புறாக்கள், நாங்கள். தண்ணீர் விழும் சத்தம் தெரு திரும்பும்போதே கேட்டது. பகல் 11 மணிக்கு மேல் அந்தச் சத்தம் உங்களுக்குக் கிடைக்காது, குச்சியில் ஃபோனை மாட்டிய கூட்டத்தின் சத்தம்தான் கிடைக்கும்.

உள்ளே நுழைந்ததும் நீரூற்றை நோக்கி ஓடாதீர்கள். முதலில் சதுக்கத்தின் ஒரு ஓரத்தில் நின்று அதன் உருவத்தைப் பாருங்கள். சதுக்கம் என்கிறோமே தவிர அது சதுரமே இல்லை, நீளமாக, ஒரு முனை வளைந்து, ஓட்டப்பந்தயத் தடம் மாதிரி இருக்கும். மாதிரி என்ன, தடமேதான். கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் டொமிஷியன் என்ற பேரரசன் கட்டிய விளையாட்டரங்கம் அங்கே இருந்தது. பார்வையாளர் படிக்கட்டுகள் இருந்த இடத்தின் மேல் பிற்காலத்தில் வீடுகள் எழுந்தன, ஓடுகளம் திறந்த வெளியாகவே நின்றுவிட்டது. போட்டியைக் குறிக்கும் 'அகோன்' என்ற சொல்தான் மருவி மருவி நவோனா ஆனது என்கிறார்கள். வடக்கு முனைக்குப் பின்னால் போனால், தெரு மட்டத்துக்குக் கீழே பழைய அரங்கத்தின் கல் வளைவு இன்றும் தெரியும்.

இப்போது நடுவே போங்கள், கங்கையைத் தேடுங்கள். நம்மவர்கள் அங்கிருந்து தொடங்குவதுதான் முறை. கையில் நீளமான துடுப்பு வைத்திருப்பவர்தான் கங்கை. அவரைப் பார்த்ததும் எங்களுக்குள் நடந்த பேச்சை அப்படியே தருகிறேன்.

"கங்கைன்னு சொன்னியே, எங்கடா?"

"அதோ பெரியம்மா, தாடி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரே."

"அது ஆம்பளைடா!"

ஆம்பளைதான். நமக்கு ஆறு என்றாலே அம்மா. கங்கை, காவிரி, வைகை, பொருநை எல்லாரும் பெண்கள், ஆண் நதி என்று தேடினால் பிரம்மபுத்திரா மாதிரி ஒன்றிரண்டுதான் தேறும். ரோமானியர்களுக்கு நேர் எதிர். அவர்கள் ஊர் டைபர் ஆறாகட்டும் எகிப்தின் நைலாகட்டும், தாடியும் திரண்ட தோளுமாகச் சாய்ந்து படுத்திருக்கும் ஆண் தெய்வமாகத்தான் ஆதிகாலத்திலிருந்தே செதுக்கி வந்திருக்கிறார்கள். பெர்னினி அந்த வழக்கத்தைப் பிடித்துக்கொண்டார், கங்கைக்கும் தாடி வந்துவிட்டது. துடுப்பு எதற்கு என்றால், கப்பலும் படகும் போகக்கூடிய ஆழமான ஆறு என்று காட்டுவதற்கு. இந்தச் சிலையைச் செதுக்கியது பெர்னினி இல்லை, குளோட் பூசன் என்ற பிரெஞ்சுக்காரர். முழுத் திட்டமும் பெர்னினியுடையது, நான்கு ஆறுகளையும் நான்கு சிற்பிகளிடம் பிரித்துக் கொடுத்து வேலை வாங்கியிருக்கிறார்.

இங்கே நின்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீரூற்றைத் திறந்தது 1651 ஜூனில். அந்த வருடம் ராபர்ட் தெ நொபிலி உயிரோடு இருக்கிறார். நம் பாடப்புத்தகத்தில் 'தத்துவ போதகர்' என்று வருவாரே, காவி கட்டி மதுரையில் உட்கார்ந்து தமிழில் எழுதிய இத்தாலியப் பாதிரியார், அவரேதான். 1606-ல் மதுரைக்கு வந்தவர், 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார். அதாவது ரோமில் படித்த ஒரு ஆள் தமிழ்நாட்டில் தமிழ் எழுதிக்கொண்டிருந்த நாளில், கங்கையைக் கண்ணால் பார்த்தறியாத ஒரு பட்டறை ரோமில் அதற்குத் தாடி செதுக்கிக்கொண்டிருந்தது. பெரியம்மாவிடம் இதைச் சொன்னதும் "அவருக்கு ஒரு கடுதாசி போட்டுக் கேட்டிருக்கலாம்ல" என்றார். கேட்டிருக்கலாம்.

கங்கையிலிருந்து நகர்ந்து மற்றவர்களைப் பாருங்கள், அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். தலையைத் துணியால் மூடியிருப்பவர் நைல். அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்பது அன்றைய ஐரோப்பாவுக்குத் தெரியாது, அதனால் முகத்திரை. காசுக் குவியலின் பக்கத்தில் ஒரு கையை உயர்த்தி மருண்டு சாய்ந்திருப்பவர் தென் அமெரிக்காவின் ரியோ தெ லா பிளாத்தா. பிளாத்தா என்றால் வெள்ளி, காசு அதற்காக. மிச்சமிருக்கும் டான்யூப், போப்பாண்டவரின் குலச்சின்னத்தைக் கையால் தொட்டுக்கொண்டிருக்கிறார். ஐரோப்பாதான் போப்புக்கு நெருக்கம் என்று அதற்குமேல் எப்படிச் சொல்வது! ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா, அன்றைக்கு அவர்கள் கணக்கில் கண்டம் நான்கு. ஆஸ்திரேலியாவுக்கு இடமில்லை.

சிலைகள் பளிங்கு, அவை உட்கார்ந்திருக்கும் பாறை டிராவர்டைன் என்ற சுண்ணாம்புக் கல். இந்த இடத்தில் கொஞ்சம் குனியுங்கள், வெட்கப்பட வேண்டாம். பாறை நடுவே குடைந்து குகை மாதிரி இருக்கும், இந்தப் பக்கம் குனிந்தால் அந்தப் பக்கத்து வீடு தெரியும். மேலே நிற்பதோ 16 மீட்டருக்கு மேல் உயரமான ஒற்றைக் கருங்கல் தூண். நம் பத்துமலை முருகன் 42.7 மீட்டர், அதோடு பார்த்தால் இது சின்னதுதான், ஆனால் முருகனுக்குக் கீழே கெட்டியான தரை இருக்கிறது, இந்தத் தூணுக்குக் கீழே இருப்பது ஓட்டை! விழுந்துவிடும் என்று அன்றைக்கே ஊரில் பேச்சு கிளம்பியதாம். பெர்னினி வந்தார், அண்ணாந்து பார்த்துக் கவலைப்படுவது போல முகத்தை வைத்துக்கொண்டு, தூணிலிருந்து நான்கு பக்கத்து வீடுகளுக்கும் மெல்லிய நூலைக் கட்டச் சொல்லிவிட்டு, இப்போது சரியாகிவிட்டது என்று நிம்மதியாகப் போனார் என்று ஒரு கதை. நடந்ததோ இல்லையோ, எனக்குப் பிடித்த கதை இது.

அந்தத் தூணின் சொந்தக் கதை இன்னும் வேடிக்கை. ஒபெலிஸ்க் என்பார்கள், எகிப்துக் கல். ஆனால் பாரோ எனப்படும் எகிப்து மன்னர் யாரும் செய்யச் சொல்லவில்லை, செய்யச் சொன்னவர் அதே டொமிஷியன். பிறகு மக்செந்தியுஸ் என்ற அரசன் அதைத் தூக்கிப்போய் ஆப்பியா சாலை ஓரத்திலிருந்த தன் தேர்ப்பந்தய மைதானத்தில் வைத்தான், அங்கே அது விழுந்து துண்டு துண்டாகப் பல நூற்றாண்டு கிடந்தது. போப் பத்தாம் இன்னொசென்ட்தான் அதை எடுத்துவந்து ஒட்டவைத்து நிறுத்தினார். அதில் இருக்கும் சித்திர எழுத்துகளுக்கு அர்த்தம் சொல்கிறேன் என்று அத்தனாசியுஸ் கிர்ச்சர் என்ற அறிஞர் 1650-ல் ஒரு தடித்த நூலே போட்டார். அத்தனையும் கற்பனை. 1822-ல் ஷாம்போலியோன் எகிப்திய எழுத்தின் பூட்டைத் திறந்த பிறகுதான் அது டொமிஷியனைப் புகழும் வாசகம் என்று தெரிந்தது. உச்சியில் ஒரு புறா இருக்கும், நிஜப் புறாக்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், வெண்கலத்தில் செய்தது, போப்பின் பம்ஃபிலி குடும்பச் சின்னம்.

குடும்பம் என்றதும் திரும்பி மேற்குப் பக்கக் கட்டடங்களைப் பாருங்கள். தேவாலயத்தை ஒட்டி நீளமாக ஒரு மாளிகை இருக்கும், அதுதான் பம்ஃபிலி அரண்மனை, இன்று பிரேசில் தூதரகம். ஆக, போப் அலங்கரித்தது தன் வீட்டு வாசலை. இதில் பெர்னினி நுழைந்த விதமும் சுவாரசியம். முந்தைய போப்பின் செல்லப்பிள்ளை அவர், 1644-ல் இன்னொசென்ட் வந்ததும் ஓரங்கட்டப்பட்டார். போப்பின் சகோதரர் மகளைக் கட்டியிருந்த லுதோவிசி இளவரசர்தான் பெர்னினியிடம் ஒரு மாதிரி செய்யச் சொல்லி, போப் நடந்து போகும் அறையில் கண்ணில் படும்படி வைத்துவிட்டார். போப் பார்த்தார், நின்றார், நகரவில்லை. பெர்னினியின் வேலை வேண்டாம் என்கிறவர் அதைப் பார்க்காமல் இருப்பதுதான் வழி என்ற பொருளில் அவர் பேசியதாகப் பழைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

இப்போது வழிகாட்டிகள் சொல்லும் புகழ்பெற்ற கதைக்கு வருகிறேன், கட்டாயம் உங்கள் காதில் விழும். எதிரே இருக்கும் புனித ஆக்னஸ் தேவாலயத்தின் முகப்பில் வேலை செய்தவர் பொர்ரோமினி, பெர்னினியின் பரம எதிரி. "பிளாத்தா ஏன் கையைத் தூக்குகிறார் தெரியுமா? அந்தத் தேவாலயம் இடிந்து தன் மேல் விழுந்துவிடுமோ என்ற பயம்! நைல் ஏன் முகத்தை மூடிக்கொண்டார்? அந்த அசிங்கத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை!" கூட்டம் சிரிக்கும், நீங்களும் சிரியுங்கள். ஆனால் மனசுக்குள் இரண்டு வருடத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீரூற்று முடிந்தது 1651. தேவாலயத்தைக் கட்டத் தொடங்கியதே 1652, பொர்ரோமினி கைக்கு வேலை வந்தது 1653. கட்டாத கட்டடத்தைப் பார்த்து ஒருவர் எப்படிப் பயப்படுவார்? பழைய நினைவுச்சின்னம் எதன் முன்னால் நின்றாலும் இந்த இரண்டு வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள், அது மெர்டேக்கா சதுக்கமாக இருந்தாலும் சரி. நான் அதைச் சத்தமாகச் சொல்லி ஒரு வழிகாட்டியின் முகத்தைச் சுருங்கவைத்துவிட்டேன், அம்மா தொடையில் கிள்ளினார். நீங்கள் மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம்.

யார் காசில் கட்டினார்கள் என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒத்திகை பார்த்த கேள்விதானே. 1640-களின் பிற்பகுதி ரோமில் பஞ்ச காலம், போப்போ செலவுக்கு ரொட்டி மேலும் வரி போட்டார். சனங்கள் சும்மா இருக்கவில்லை, தூணும் நீரூற்றும் யாருக்கு வேண்டும், ரொட்டி கொடு என்று பாட்டெழுதி இராத்திரியோடு இராத்திரியாக அந்தக் கற்கள் மேலேயே ஒட்டினார்கள். அந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை. சதுக்கத்தின் தெற்கு முனையிலிருந்து இரண்டு நிமிடம் நடந்தால் பஸ்குவினோ என்று ஒரு மூக்குடைந்த பழைய சிலை, 'பேசும் சிலை' என்று பேர். ஆட்சியாளர்களைக் கிண்டலடிக்கும் தாள்களை அங்கே இன்றும் ஒட்டுகிறார்கள். அவசியம் போய்ப் பாருங்கள். மாமாக் கடையில் தே தாரிக்கை வைத்துக்கொண்டு நாம் பேசும் அரசியலைத் தாளில் எழுதி ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு இடம்.

சதுக்கத்தின் இரு முனைகளிலும் இன்னும் இரண்டு நீரூற்றுகள் இருக்கின்றன. 1570-களில் வைத்தவை, நடுச் சிலைகள் பிற்பாடு சேர்ந்தவை. நேரமிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் நஷ்டமில்லை.

தண்ணீரைப் பற்றித்தான் கடைசி. அன்றைக்கு மோட்டாரா பம்பா? மேட்டிலிருந்து சரிவில் ஓடிவரும் தண்ணீரின் எடையே அதைப் பீய்ச்சியடித்தது. அக்வா விர்கோ என்ற கால்வாயை அகிரிப்பா என்ற ரோமானியத் தளபதி வெட்டியது கி.மு. 19-ல், பின்னாளைய போப்புகள் அதைப் பழுதுபார்த்து நகருக்குள் மறுபடி கொண்டுவந்தார்கள். எல்லோரும் காசு போடும் திரெவி நீரூற்றுக்கும் அதே தண்ணீர்தான். 1652 தொடங்கி 1866 வரை ஆகஸ்ட் மாதத்து வார இறுதிகளில் வடிகாலை அடைத்துச் சதுக்கத்தையே குளமாக்கி, பணக்காரர்கள் குதிரை வண்டியோடு அதில் இறங்கி விளையாடியிருக்கிறார்கள். இன்றைக்கு நீங்கள் காலை நனைத்தால் அபராதம், தொட்டியின் விளிம்பில் ஏறி உட்காரவும் கூடாது.

பசித்தால் சதுக்கத்து நாற்காலியில் உட்காராதீர்கள், விலையை மலேசிய வெள்ளியில் மாற்றிப் பார்த்தால் காப்பி தொண்டையில் இறங்காது. பின்தெருவில் ஒரு பாரில், அங்கே காப்பிக் கடைக்கு அதுதான் பேர், நின்றபடி குடியுங்கள், நின்று குடித்தால் விலை குறைவு. தண்ணீர் பாட்டிலும் வாங்க வேண்டாம். ரோம் முழுக்கத் தெருவோரத்தில் வளைந்த மூக்குக் குழாயோடு இரும்புத் தூண்கள் நிற்கும், நசோனி, அதாவது பெருமூக்கன் என்று பேர், ராத்திரி பகலாகக் குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும், நல்ல சில்லென்று. பாட்டிலைப் பிடிக்கலாம். பாட்டில் இல்லையென்றால் மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் போதும், குழாயின் மேல்வளைவில் இருக்கும் சின்னத் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு மேலே வரும், குனியாமலே குடிக்கலாம். மெதுவாக அடைக்க வேண்டும். பெரியம்மா முதல் தடவை ஆசிரியைக் கையால் அழுத்தி அடைத்தார், தண்ணீர் துளையிலிருந்து கிளம்பி நேராக என் சட்டையில். பையில் ஒரு மாற்றுச் சட்டை இருக்கட்டும்.